பாத்ரூம் கதவு மாத்தப் போறீங்களா? பலகை தேர்வுல இருந்து கடைசி ஸ்குரூ வரைக்கும் முழுமையான வழிகாட்டி

வாசக்கதவு முப்பது நாப்பது வருஷம் அசையாம நிக்குது, பாத்ரூம் கதவு மட்டும் சீக்கிரமே கீழ் ஓரம் உப்பி, லேயர் லேயரா பிரிஞ்சு, நிலையோட அடிக்கட்டை விரல் வச்சாலே பொலபொலன்னு உதிர்ற அளவுக்கு வந்துடுது. கடைக்குப் போனா டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடுங்க, எஃப்ஆர்பி (கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக் கதவு) போடுங்க, தண்ணி ஏறாது, கரையான் தொடாதுன்னு சொல்றாங்க. அது உண்மை தான். ஆனா புதுக்கதவு போட்ட வீடுகள்ல கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒரு புகார் வருது: பலகை புதுசு மாதிரியே இருக்கு, கதவு மட்டும் இறங்கிடுச்சு, தரையில உரசுது, மேல் கீல்ல ஸ்குரூ கையோட வருது, தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேரா நிக்க மாட்டேங்குது. பலகையைப் பத்தி எல்லாரும் பேசுறோம், பலகையும் இரும்பும் சேர்ற இடத்தைப் பத்தி யாரும் பேசுறதில்ல, கதவு பெரும்பாலும் தோத்துப்போறது அந்த இடத்துல தான். அதனால இதுல பலகைக்கு எவ்வளவு இடமோ அதே அளவு கீலுக்கும் ஸ்குரூவுக்கும் தாழ்ப்பாளுக்கும் கொடுத்திருக்கேன்.

முதல் வேலை: பழைய கதவு ஏன் போச்சுன்னு பாருங்க

கழட்டி வீசுறதுக்கு முன்னாடி அதைப் படுக்க வச்சு கீழ் ஓரத்தைப் பாருங்க. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் பளபளன்னு பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அடி ஓரத்துல மட்டும் ஒரு கோட் கூட இருக்காது, ஏன்னா கதவை மாட்டின அப்புறம் பெயின்டர் பிரஷ் அங்க போகாது. மரம்ங்கிறது நெடுக்குல ஓடுற நுண்ணிய குழாய்களோட கட்டு, அந்தக் குழாய்களோட வாய் திறந்திருக்கிற இடம் அந்த அடி ஓரம் தான், தரையில தேங்குற தண்ணிய அது தானா மேல இழுத்துக்கும். நிலையும் அப்படித்தான், ரெண்டு காலும் ஈரத்துலயே நிக்குது.

அடுத்து நிலையை சோதிங்க. தரையில இருந்து ஒரு அடி உயரம் வரைக்கும் ஸ்குரூடிரைவர் நுனியால குத்திப் பாருங்க, சதக்குன்னு உள்ள போனா நிலையையும் மாத்தணும், கதவை மட்டும் மாத்தி பிரயோஜனமில்ல. நிலை உறுதியா இருந்து, பக்கத்து சுவர்ல உப்புப் பூத்து ஈரம் தெரிஞ்சா, குழாய் லீக்கையும் டைல்ஸ் இடுக்கையும் முதல்ல சரி பண்ணுங்க.

எந்தப் பலகை?

சந்தையில கிடைக்கிற ஒவ்வொரு பலகைக்கும் பின்னாடி ஒரு கண்டுபிடிப்பு இருக்கு, அது தெரிஞ்சா எதை எங்க போடலாம்னு உங்களுக்கே விளங்கும்.

ஃப்ளஷ் டோர்னு சொல்றது நடுவுல கட்டை அடுக்கி ரெண்டு பக்கமும் ப்ளை ஒட்டினது. அதோட உயிர் பசையில இருக்கு. 1907ல லியோ பேக்கலாண்ட்ங்கிற வேதியியலாளர் பேக்கலைட்ங்கிற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிச்சார், அந்த ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின் குடும்பம் தான் கொதிக்கிற தண்ணிக்கும் தாங்குற ப்ளைவுட் பசை. விலை குறைஞ்ச கதவுகள்ல யூரியா பசை போட்டிருப்பாங்க, அது ஈரத்துக்கு நிக்காது. ஓரத்தைப் பார்த்தா ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஃபீனால் பசையோட கோடு கருஞ்சிவப்பு கலந்த பழுப்பா தெரியும், யூரியா வெளிர் நிறத்துல இருக்கும். நல்ல பசை போட்ட கதவா இருந்தாலும் பாத்ரூமுக்குன்னா நான் ரெண்டாவது இடம் தான் கொடுப்பேன், ஆறு பக்கமும் சீல் பண்ண முடியும்னா மட்டும் எடுங்க.

அபார்ட்மென்ட் ரூம்கள்ல டிசைன் அழுத்தின வெள்ளைக் கதவு பார்த்திருப்பீங்க, ஸ்கின் டோர்னு சொல்வாங்க. 1924ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலம் லாரல்ங்கிற ஊர்ல வில்லியம் மேசன் மரச்சிப்ஸை நீராவி அழுத்தத்துல வெடிக்க வச்சு, அந்த நாரை சூடா அழுத்தி ஹார்டுபோர்டு செஞ்சார். மரத்துக்குள்ள நாரை இறுக்கிப் பிடிக்கிற லிக்னின்ங்கிற பொருளே பசையா வேலை செஞ்சுது. அந்த வழியில வந்தது தான் இந்த ஸ்கின். பெட்ரூமுக்கு ஓகே, பாத்ரூமுக்கு வேண்டவே வேண்டாம்.

இப்ப டபிள்யூபிசி. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலக்குற யோசனை புதுசில்ல, 1916லயே மரத்தூளும் பேக்கலைட்டும் கலந்து ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு கியர் குமிழ் செஞ்சிருக்காங்க. இன்னைக்கு நம்ம கடையில இருக்கிற டபிள்யூபிசி பெரும்பாலும் பிவிசி பவுடர், மரத்தூள், சுண்ணாம்புத்தூள், நுரை வர வைக்கிற கெமிக்கல் எல்லாத்தையும் சூடாக்கி முறுக்கு அச்சுல மாவு பிழியுற மாதிரி பிழிஞ்சு எடுக்கிற நுரைப்பலகை. வெளிய வரும்போது மேல்பக்கத்தை உடனே குளிர வைக்கிறதால மேல்தோல் கெட்டியா இறுகிடும், நடுப்பகுதி நுரையாவே இருக்கும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி கீல் மாட்டும்போது இதே விஷயம் தான் முன்னாடி வந்து நிக்கும்.

எஃப்ஆர்பி வேற கதை. 1930களில் ஒஹையோவுல கேம்ஸ் ஸ்லேட்டரோட குழு கண்ணாடியை நூலா இழுக்கிற முறையை தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு வந்தாங்க. அந்தக் கண்ணாடி நாரை பாலியஸ்டர் ரெசின்ல ஊற வச்சு அச்சுல படிய வச்சா மெல்லிசா ஆனா விறைப்பான தோல் கிடைக்கும். ரெண்டு தோலுக்கு நடுவுல பியூ ஃபோம், அது ஜெர்மனியில 1937ல ஓட்டோ பேயர் கண்டுபிடிச்ச பாலியூரித்தேன். கண்ணாடி நாரும் தண்ணி குடிக்காது, ரெசினும் குடிக்காது. ஆனா இதுல ஸ்குரூ பிடிக்கிற சக்தி ஃபோமுக்குக் கிடையவே கிடையாது, அதுக்காக கீல் வர்ற இடத்துலயும் லாக் வர்ற இடத்துலயும் உள்ள மரக்கட்டை வச்சு மூடுவாங்க. கட்டை எங்க இருக்குன்னு தெரியாம வேற இடத்துல கீல் போட்டா அந்தக் கதவு அன்னைக்கே முடிஞ்சுது.

உள்ள வெறும் கூடா இருக்கிற பிவிசி கதவு லேசானது, விலையும் கம்மி, வாடகை வீட்டுக்கோ அதிகம் பயன்படாத டாய்லெட்டுக்கோ போதும்.

என் சாய்ஸ் கேட்டா, அளவு கூட குறைய இருந்து சைட்லயே வெட்ட வேண்டிய வீட்டுக்கு டபிள்யூபிசி. நிலை புதுசா சதுரமா நிக்குது, அளவு கரெக்டா கொடுத்து ஆர்டர் பண்ண முடியும்னா எஃப்ஆர்பி. எஃப்ஆர்பியை ரம்பம் வச்சு வெட்டினா ஓரம் திறந்து ஃபோம் வெளிய தெரியும், அப்புறம் அதுக்கு அர்த்தமில்லாம போயிடும்.

கடையில செய்ய வேண்டிய சோதனை

டபிள்யூபிசிக்கு ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்குங்க, எந்த டீலர்கிட்டயும் கிடக்கும். 10 செமீக்கு 10 செமீ, 30 மிமீ தடிமன்னா அதோட கன அளவு 300 சிசி. சமையலறை எடை மெஷின்ல வைங்க. 180 கிராம் காட்டுச்சுன்னா அடர்த்தி 0.6, கதவுக்கு அது நல்ல அளவு. 135 கிராம் தான்னா 0.45, அது பார்ட்டிஷனுக்கும் கப்போர்டு முதுகுக்கும் தான் சரி. அதுக்காக கனமா இருந்தா எல்லாம் நல்லதுன்னு எடுத்துக்க வேண்டாம், சுண்ணாம்புத்தூளை அள்ளிப்போட்டாலும் எடை ஏறும், பலகை மட்டும் சட்டுன்னு உடையுற மாதிரி ஆயிடும். அதனால அடுத்த சோதனை முக்கியம்: அதே துண்டோட ஓரத்துல, தட்டையான பக்கத்துல இல்ல, ஓரத்துல சின்ன ஓட்டை போட்டு ஒரு ஸ்குரூ ஏத்துங்க, கழட்டுங்க, மறுபடி ஏத்துங்க. மூணாவது தடவையும் இறுக்கிப் பிடிச்சா வாங்குங்க. வெள்ளைப் பவுடரா கொட்டி ஸ்குரூ சும்மா சுத்துச்சுன்னா விட்டுடுங்க.

தண்ணி சோதனைக்கு டபிள்யூபிசி துண்டை ஒரு நாள் முழுக்க பக்கெட்ல அமுக்கி வச்சு, முக்குறதுக்கு முன்னாடியும் எடுத்த அப்புறமும் தடிமன் அளந்தா போதும். கொதிக்க வைக்காதீங்க, பிவிசி 80 டிகிரி பக்கத்துலயே தளர ஆரம்பிச்சுடும், கொதிநீர்ல வளையுறதை வச்சு பலகை மோசம்னு முடிவு பண்ணக்கூடாது. கொதிக்க வைக்கிற சோதனை ஃப்ளஷ் டோர் துண்டுக்கு, சில மணி நேரம் கொதிச்ச அப்புறமும் லேயர் பிரியாம இருக்கணும்.

எஃப்ஆர்பி கதவை விரல் முட்டியால ஓரமா தட்டிக்கிட்டே வாங்க, கட்டை இருக்கிற இடத்துல சத்தம் அடங்கி கெட்டியா கேட்கும். அந்த இடங்களை டீலரையே பென்சிலால மார்க் பண்ணித் தரச் சொல்லுங்க.

ஐஎஸ்ஐ முத்திரை கேளுங்க. ஃப்ளஷ் டோருக்கு ஐஎஸ் 2202, கண்ணாடி நார் கதவுக்கு ஐஎஸ் 14856. கதவை எப்படி சோதிக்கணும்ங்கிறதுக்குன்னே ஐஎஸ் 4020 இருக்கு, அதுல படார்னு சாத்துற சோதனை, அடி முனையை தண்ணியில முக்குற சோதனை, ஸ்குரூவை இழுத்துப் பிடுங்குற சோதனை எல்லாம் தனித்தனி பாகமா வருது. பிராண்டு எதுவா இருந்தாலும் இந்த ஸ்குரூ சோதனை ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டுப் பாருங்க, கேட்குற கஸ்டமர் கம்மி, அதனால தான் காட்டுற கடையும் கம்மி.

அளவு எடுக்கிறது

அகலத்தை மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல எடுங்க. உயரத்தை ரெண்டு பக்கமும் எடுங்க. மூலைக்கு மூலை குறுக்கால டேப் பிடிச்சு ரெண்டு அளவும் ஒண்ணா வருதான்னு பாருங்க, 5 மிமீக்கு மேல வித்தியாசம் இருந்தா நிலை கோணல்.

கதவுக்கும் நிலைக்கும் பக்கத்துக்கு 3 மிமீ, மேல 3ல இருந்து 4 மிமீ, கீழ 8ல இருந்து 10 மிமீ விடுங்க. ஆசாரிகள் மரக்கதவுக்கு விடுற கணக்கு மழைக்காலத்துல உப்புறதுக்கானது. டபிள்யூபிசி ஈரத்துக்கு உப்பாது, ஆனா சூட்டுக்கு நீளும், ஏழு அடி பலகை 20 டிகிரி ஏறினா ரெண்டு மூணு மிமீ நீளும். மார்கழி காலையில கச்சிதமா மாட்டின கதவு சித்திரை மத்தியானம் மேல முட்டுறது இதனால தான். கீழ விடுற இடைவெளி காத்துக்கும் தேவை, எக்சாஸ்ட் ஃபேன் வெளிய தள்ளுற காத்துக்கு ஈடா உள்ள வர்ற வழி அது, அதை அடைச்சா ஃபேன் சும்மா சுத்தும், பாத்ரூம் காயாது.

மேற்கு வெயில் நேரா விழுற பால்கனிக் கதவுக்கு டபிள்யூபிசி போட்டா கருப்பு, கரும்பழுப்பு லேமினேட் வேண்டாம், வெயில்ல சூடேறி வில்லா வளையும்.

நிலை நிறுத்துறது

டபிள்யூபிசி நிலைக்கு 4 இன்ச்சுக்கு 2.5 இன்ச் சட்டம் பரவலா கிடைக்குது, கீல் தாங்க அது போதும். பழைய மர நிலைக்கு ஹோல்டுஃபாஸ்ட் (நிலையை சுவரோட பிடிக்கிற இரும்புப் பட்டை) வச்சு கொத்தனார் கான்கிரீட் போட்டு பூசுவார், இதுக்கு பூச்சு வேலை, டைல்ஸ் எல்லாம் முடிச்ச அப்புறம் சுவர்ல துளை போட்டு நீளமான ஆங்கர் ஸ்குரூவும் நைலான் பிளக்கும் வச்சு இறுக்கணும். ஒரு பக்கத்துக்கு நாலு, கீல் பக்கத்துல ஒவ்வொரு கீலுக்கும் ஒட்டி ஒண்ணு வர்ற மாதிரி பார்த்துக்கோங்க.

அந்த பிளக் சாதாரண சாமானா தெரியும், ஆனா இந்த மொத்த வேலையையும் தாங்குறது அது தான். 1911 வாக்குல லண்டன்ல ஜான் ரவ்லிங்ஸ்ங்கிற காண்ட்ராக்டருக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல சுவர் சேதமாகாம எலக்ட்ரிக் சாமான் மாட்டுற வேலை வந்துது, அவர் சணல் நாரை விலங்கு ரத்தத்தால ஒட்டி சின்ன குழாய் மாதிரி பிளக் செஞ்சார், யோசிச்சுப் பார்த்தா அதுவே ஒரு காம்போசிட். இன்னைக்கு நாம போடுற நைலான் பிளக்கை 1958ல ஜெர்மனியில ஆர்தர் ஃபிஷர் கொண்டு வந்தார். ஸ்குரூ ஏற ஏற அதோட ரெண்டு கன்னமும் விரிஞ்சு துளையோட சுவரை அழுத்திப் பிடிக்கும். அதனால துளை பிளக் அளவுக்கு கச்சிதமா இருக்கணும், 10 மிமீ பிளக்குக்கு 10 மிமீ பிட். துளைக்குள்ள தூசி இருந்தா பிடிப்பு பாதியாயிடும், ஊதியோ சின்ன பிரஷ் விட்டோ சுத்தம் பண்ணிட்டு அப்புறம் தட்டுங்க. ஹாலோ பிளாக் சுவர்னா சாதாரண பிளக் உள்ள போய் வெறும் பொந்துல நிக்கும், அதுக்குன்னு இருக்கிற நீள பிளக் வாங்குங்க, இல்லன்னா அந்த இடத்துல பொந்தை கான்கிரீட்டால அடைங்க.

தூக்குக்குண்டு விட்டு கீல் பக்க சட்டத்தை முதல்ல நேராக்குங்க, முன்னும் பார்க்கணும் பக்கவாட்டுலயும் பார்க்கணும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில ஆங்கர் வர்ற இடத்துல ஆப்பு வைங்க, வெறும் இடைவெளியில இறுக்கினா சட்டம் சுவரைப் பார்த்து வளையும். நிலைக்குள்ள மூணு இடத்துல குறுக்குக் கட்டை அளவா வெட்டி முட்டுக் கொடுத்த அப்புறம் தான் பியூ ஃபோம் அடிக்கணும். அந்த ஃபோம் விரியுற சக்தியை லேசா நினைக்காதீங்க, முட்டு இல்லாம அடிச்சா மறுநாள் காலையில நடுவுல சட்டம் உள்பக்கமா பிதுங்கி நிக்கும், கதவு சாத்தவே முடியாது.

கீல்: கதவோட மொத்த பாரமும் எங்க போகுது

பழைய காலத்து வீடுகள்லயும் கோயில்லயும் கீலே கிடையாது, கதவுப் பலகையோட ஒரு ஓரத்துல மேலயும் கீழயும் குடுமி விட்டு, கீழ்க்குடுமி கல்லுல ஒரு குழிக்குள்ள உட்கார்ந்து சுத்தும். பாரம் நேரா தரைக்குப் போச்சு, அதனால அவ்வளவு பெரிய கதவும் இறங்கல. கீல் வந்ததும் கதவு அந்தரத்துல தொங்க ஆரம்பிச்சுது, பாரம் முழுக்க பக்கவாட்டு ஸ்குரூக்கு வந்துது.

கணக்கு போட்டே பார்ப்போம். 30 இன்ச் அகலம் 78 இன்ச் உயரம் 30 மிமீ தடிமன், அடர்த்தி 0.6 உள்ள டபிள்யூபிசி கதவு ஏறக்குறைய 27 கிலோ. அதோட எடை மையம் கீல்ல இருந்து 38 செமீ தள்ளி இருக்கு. மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் 150 செமீ இடைவெளின்னா, மேல் கீலை நிலையில இருந்து வெளிய இழுக்கிற விசை 27 பெருக்கல் 38 வகுத்தல் 150, கிட்டத்தட்ட 7 கிலோ, கதவு சும்மா நிக்கும்போதே. கீழ் கீல்ல அதே 7 கிலோ உள்பக்கமா அழுத்தும், அங்க ஸ்குரூ கழலாது. ஒரு குழந்தை ஹேண்டிலைப் பிடிச்சு தொங்கினா, ஈரத்துணி பக்கெட்டை ஹூக்ல மாட்டினா மேல் கீலோட இழுவை இன்னும் ஏறும், சில நேரம் ரெண்டு மடங்கு கூட ஆகலாம். இதுல இருந்து ரெண்டு விஷயம் தெளிவாகுது: கீல்களுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, தோக்குறது எப்பவும் மேல் கீல்.

அதனால மேல் கீலை மேல் ஓரத்துல இருந்து 7, 8 இன்ச்ல வைங்க, கீழ் கீலை கீழ இருந்து 9, 10 இன்ச்ல. மூணாவது கீலை நடு மையத்துல வைக்கிறது வழக்கம். பாத்ரூம் கதவுக்கு நான் அதை மேல் கீல்ல இருந்து ஒரு அடி கீழ வைக்கச் சொல்லுவேன், இழுவையைப் பகிர்ந்துக்க அங்க தான் ஆள் வேணும். வெயில் படுற கதவுன்னா நடுவுல நாலாவதா ஒண்ணு சேர்த்துடுங்க, வளையாம பிடிச்சுக்கும்.

கீல் 4 இன்ச், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 கிரேடு. காந்தம் ஒட்டலன்னா 304 தான்னு கடையில சொல்வாங்க, நம்பாதீங்க, 202 கிரேடும் காந்தத்துல ஒட்டாது, ஆனா சீக்கிரம் துருப்பிடிக்கும். 304னு கீல்லயே அச்சு இருக்கணும், இல்லன்னா கிரேடு பார்க்க கடைக்காரங்க வச்சிருக்கிற சொட்டு மருந்தை விட்டுக் காட்டச் சொல்லுங்க. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல முடிஞ்சா 316, அதுல மாலிப்டினம் சேர்த்திருக்கிறதால உப்புக்காத்தை இன்னும் நல்லா தாங்கும்.

ஸ்குரூ

இப்ப அந்த நுரைப்பலகை விஷயத்துக்கு வருவோம். கீல் ஸ்குரூ ஏறுறது கதவோட ஓரத்துல, அதாவது கெட்டியான ரெண்டு தோலுக்கும் நடுவுல இருக்கிற நுரைக்குள்ள, பலகையோட பலவீனமான இடத்துக்குள்ளயே. மரக்கதவுக்கு போடுற அதே முக்கால் இன்ச் ஸ்குரூவை போட்டா அது நிக்கிறதுக்கு பிடிப்பே இல்ல. ஓரத்துல ஏறுறதால நீளத்துக்குத் தடை கிடையாது, கதவு பக்கம் 2 இன்ச் நீளம், 8ம் நம்பர், மரை அகலமா இருக்கிற எஸ்எஸ் சிப்போர்டு ஸ்குரூ போடுங்க. கருப்பா கிடைக்கிற ஜிப்சம் ஸ்குரூ வேண்டாம், சைட்ல கைக்கு கிடைக்குதுன்னு ஆட்கள் அதைத் தான் எடுப்பாங்க, பாத்ரூம்ல அது துருப்பிடிக்கும், திடீர்னு ஒரு நாள் தலை அறுந்து போகும்.

முதல்ல 2.5 மிமீ பிட்ல துளை, ஓரத்தோட நடுக்கோட்டுல, நேரா. டிரில் மெஷின்ல டார்க்கை குறைச்சு வச்சு முக்கால்வாசி ஏத்திட்டு கடைசி ரெண்டு மூணு சுத்து கையால இறுக்குங்க. மெஷின்லயே கடைசி வரைக்கும் ஓட்டினா கீல் தகட்டுல தலை உட்கார்ந்த அப்புறமும் ஸ்குரூ ஒரு அரைச்சுத்து கூட சுத்தும், அந்த அரைச்சுத்துல உள்ள இருக்கிற மரை மொத்தமும் தூளாயிடும், வெளிய பார்க்க இறுகின மாதிரியே இருக்கும். கையால இறுக்கும்போது தான் விரல்ல தெரியும், இறுகி நிக்குதா வழுக்குதான்னு.

வழுக்கிடுச்சுன்னா தீக்குச்சி சொருகுற வேலை வேண்டாம். துளையை 10 மிமீயா பெருசாக்கி, கெட்டி மரத்துல ஒரு குச்சி செதுக்கி ஈபாக்சி பசை தடவி அடிச்சு, ஒரு நாள் விட்டு, ஓரத்தோட சமமா வெட்டி புதுசா 2.5 மிமீ துளை போட்டு ஏத்துங்க, முதல்ல இருந்ததை விட பலமா நிக்கும். நான் புதுக்கதவுக்கே மேல் கீல் இடத்துல மாட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யச் சொல்லுவேன், அரை மணி நேர வேலை.

கதவை மாட்டும்போது கீழ ஆப்பு வச்சு தூக்கி நிறுத்துங்க, கீல் எல்லாத்தோட நடுக்கம்பியும் (பின்) ஒரே நூல் கோட்டுல வரணும், கோணலா இருந்தா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கீலே ஸ்குரூவைப் பிடுங்கும். முதல்ல ஒரு தகட்டுக்கு ஒரு ஸ்குரூ மட்டும் போட்டு திறந்து மூடிப் பாருங்க, கதவு எந்த இடத்துல விட்டாலும் அங்கயே நிக்கணும், தானா திறக்கவோ மூடவோ கூடாது. சரியா வந்த அப்புறம் மத்த ஸ்குரூ.

எந்தப் பக்கம் திறக்கணும், எப்படிப் பூட்டணும்

வயசானவங்க இருக்கிற வீட்டுல பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். தயவுசெஞ்சு இதை அழகுக்காக விட்டுக்கொடுக்காதீங்க. உள்ள ஒருத்தர் வழுக்கி விழுந்தா விழுற இடம் பெரும்பாலும் கதவு ஓரம் தான், உள்பக்கம் திறக்கிற கதவுன்னா அவங்க உடம்பே கதவைத் தடுத்துடும், வெளிய நாலு பேர் இருந்தும் உதவ முடியாது. வெளிப்பக்கம் திறக்கிற கதவுல கீல் பின்னும் வெளிய இருக்கும், அவசரத்துல அதைத் தட்டி எடுத்து கதவையே கழட்டிடலாம், பாத்ரூமுக்கு அது வசதி தான்.

கதவு திறக்கிற திசைக்காக உலகம் கொடுத்த விலை பெருசு. 1903 டிசம்பர் 30ல சிகாகோவுல இரோக்வாய் தியேட்டர் தீப்பிடிச்சு 600 பேருக்கு மேல செத்தாங்க, வெளிய போற கதவுகள்ல சிலது உள்பக்கம் திறக்கிறது, சிலதுல ஜனங்களுக்கு பழக்கமே இல்லாத தாழ்ப்பாள். அன்னைக்கு அந்த ஷோவுக்கு போக வேண்டியிருந்த கார்ல் பிரின்ஸ்லர்ங்கிற ஹார்டுவேர் வியாபாரி அதை மறக்க முடியாம, ஹென்றி டிபான்ட்ங்கிற ஆர்க்கிடெக்டோட சேர்ந்து, உடம்பால தள்ளினாலே திறக்கிற குறுக்குக் கம்பியை உருவாக்கினார், 1908ல அது விற்பனைக்கு வந்துது. இன்னைக்கு தியேட்டர்லயும் மால்லயும் எமர்ஜென்சி கதவுல நீங்க பார்க்கிறது அது தான்.

வீட்டு பாத்ரூமுக்கு அந்தக் கம்பி தேவையில்ல, ஆனா அதே யோசனை தேவை. மேல ஒரு டவர் போல்ட் (தள்ளிப் போடுற நீளத் தாழ்ப்பாள்), கீழ ஒரு டவர் போல்ட்னு போடாதீங்க. உள்ள திருகுற குமிழும் வெளிய காசு வச்சு திருப்புற வெட்டும் இருக்கிற பாத்ரூம் லேட்ச் கிடைக்குது, குழந்தை உள்ள போய் பூட்டிக்கிட்டாலும், பெரியவங்க மயங்கினாலும் வெளிய இருந்து ஒரு நொடியில திறக்கலாம்.

பெட்ரூமுக்கோ வாசலுக்கோ சாவி பூட்டு போடுறீங்கன்னா உள்ள இருக்கிறது பெரும்பாலும் லைனஸ் யேல் அப்பாவும் மகனும் செஞ்ச வேலை. அப்பா 1848ல பேட்டன்ட் வாங்கினார், மகன் 1861லயும் 1865லயும் அதை தட்டை சாவியோட சின்ன சிலிண்டருக்குள்ள அடக்கினார். சாவியோட பல் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கினா தான் சிலிண்டர் சுத்தும், எகிப்துல ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி மரத்துல செஞ்ச பூட்டோட அதே தத்துவம். நம்ம திண்டுக்கல் பூட்டு கையால செய்யுற லீவர் வகைக்குப் பேர் போனது, 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, மொட்டைமாடிக் கதவு கொண்டிக்கு நான் இன்னமும் அதைத் தான் சொல்லுவேன்.

உருளை லாக்குக்கு தட்டைப் பக்கம் 54 மிமீ துளை, ஓரத்துல 25 மிமீ துளை, ஓரத்துல இருந்து துளை மையம் 60 இல்ல 70 மிமீ. வாங்குறதுக்கு முன்னாடி லாக் எந்த தடிமன் கதவுக்குன்னு அட்டையில பாருங்க, பல லாக் 35 மிமீல தான் ஆரம்பிக்கும், உங்க கதவு 30ன்னா அது கடகடன்னு ஆடும். டபிள்யூபிசியில வட்டமா வெட்டுற ஹோல் சா பிட்டை ரெண்டு பக்கத்துல இருந்தும் பாதி பாதியா ஓட்டுங்க, மறுபக்கம் தோல் பிளக்காது. வெட்டும்போது மாஸ்க் கட்டாயம், எஃப்ஆர்பின்னா கையுறையும், அந்தக் கண்ணாடித் தூசி தோல்ல ஏறினா ரெண்டு நாள் அரிக்கும்.

டோர் க்ளோசர் வேணுமா?

க்ளோசர்ங்கிறது கதவைத் தானா மூடுற கருவி. பாத்ரூமுக்கு வேண்டாம். ஏசி ரூமுக்கோ கடைக்கோ போடுறீங்கன்னா ரெண்டே விஷயம். உள்ள ஸ்பிரிங் கதவை இழுக்கும், எண்ணெய்க்குள்ள ஓடுற பிஸ்டன் அந்த வேகத்தை அடக்கும். பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்ன ஸ்குரூ தான் வால்வு, ஒண்ணு மொத்த வேகத்துக்கு, இன்னொண்ணு கடைசியில லேட்ச் விழுற வேகத்துக்கு. கால் சுத்து கால் சுத்தா மட்டும் திருப்புங்க, முழுசா கழட்டினா எண்ணெய் கொட்டிடும், அப்புறம் அது வெறும் இரும்பு. ரெண்டாவது, நுரைப்பலகையில க்ளோசரை ஸ்குரூல மாட்டாதீங்க, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது இழுக்கும், இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போற போல்ட்டும் பின்னாடி ஒரு வாஷர் தகடும் வைங்க.

பினிஷிங், அப்புறம் பராமரிப்பு

டபிள்யூபிசியை 150 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சுட்டு பெயின்ட் அடிங்க, அதுக்கு மேல தேய்ச்சா கெட்டித்தோல் போயிடும். லேமினேட்னா ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்ல ஒட்டணும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா கதவு வளையும். வெள்ளைப் பசை இதுல காயாது, தண்ணி ஏறாத பலகையில அந்த ஈரம் போக வழியில்ல, ரப்பர் பசை தான் சரி. நிலைக்கும் டைல்ஸுக்கும் நடுவுல சிலிக்கான், அடியிலயும் சேர்த்து.

கதவுக்கு எமன் தண்ணி இல்ல, டாய்லெட் கழுவுற ஆசிட். அந்தப் புகை எஸ்எஸ் கீலையே பொரிய வைக்கும், பலகை நூறு வருஷம் இருந்து என்ன ஆகப்போகுது. ஆசிட் இல்லாம முடியாதுன்னா ஊத்தும்போது ஃபேனைப் போட்டு, கதவைத் திறந்து வச்சு, வேலை முடிஞ்சதும் கீல்லயும் தாழ்ப்பாள்லயும் நல்ல தண்ணி விட்டுத் துடைங்க. போர்வெல் உப்புத்தண்ணி ஊர்ல வாரம் ஒரு தடவை ஈரத்துணியால துடைச்சு உலர விடுங்க.

மாட்டி ஒரு மாசம் கழிச்சு ஸ்குரூடிரைவர் எடுத்து மேல் கீல் ஸ்குரூ எல்லாத்தையும் கையால தொட்டுப் பாருங்க, தளர்ந்தது இருந்தா இறுக்குங்க, சுத்திக்கிட்டே இருந்தா மேல சொன்ன மரக்குச்சி வைத்தியத்தை உடனே செய்ங்க, கதவு இறங்குற வரைக்கும் காத்திருந்தா நிலைப் பக்கத் துளையும் சேர்ந்து போயிடும். அப்புறம் ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சும் ஒரு தடவை பார்த்தா போதும்.